வேலையில் இருந்துகொண்டே சொந்தத் தொழில்: எல்லையோர நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

தமிழ்நாடு-கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வண்ணாமடை, கோபாலபுரம் பக்கம் இருந்து காலையில் கோயம்புத்தூர் பஸ் ஏறுகிறவர்களில் ஆன்லைன் விளம்பர வேலைக்குப் போகிறவர்கள் இப்போது நிறைய. பகலில் மற்றவர்களுடைய கடைக்கு ஆள் பிடித்துக் கொடுத்துவிட்டு, இரவில் "நமக்கென்று ஒன்று தொடங்கலாமே" என்று யோசிக்கிறவர்கள். நானும் கொழிஞ்சாம்பாறைக்காரிதான். கோவை ஏஜென்சி ஒன்றில் விளம்பரப் பிரிவில் இருந்துகொண்டே மசாலாப் பொடித் தொழில் தொடங்கினேன். இப்போது அதுவே முழுநேர வேலை. வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, நான் கோவையில் ஒரு ஏஜென்சியில் மெட்டா (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்) விளம்பரம் பார்க்கிறேன். இரண்டு கிளையண்ட் "நீ தனியாக வா, வேலையை உனக்கே தருகிறோம்" என்கிறார்கள். வேலையை விட்டுவிடலாமா? (கொழிஞ்சாம்பாறை)

தம்பி, முதலில் உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். சேரும்போது கையெழுத்துப் போட்டதோடு சரி, அப்புறம் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. வேலையில் இருக்கும்போது வேறு சம்பாத்தியம் கூடாது என்று எழுதியிருந்தால் அது உங்களைக் கட்டும். வேலையை விட்ட பிறகும் இதே தொழிலைச் செய்யக்கூடாது என்று எழுதியிருப்பது வேறு கதை. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, தொழில் செய்யும் உரிமையைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆனால் அதை நம்பி கம்பெனியின் கிளையண்ட் பட்டியலையும் விளம்பரக் கணக்கு விவரங்களையும் தூக்கிக்கொண்டு வரலாம் என்று நினைக்காதீர்கள். ரகசியம் காப்பதாகக் கொடுத்த வாக்கு தனி. அது வேலையை விட்ட பிறகும் நிற்கும்.

அந்த இரண்டு பேரைப் பற்றி என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏஜென்சிக்குத் தரும் கட்டணத்தில் பாதி கொடுத்தால் போதும் என்பதால்தான் பலரும் இப்படி அழைக்கிறார்கள். அந்தப் பாதியில் டிசைன், வீடியோ, ரிப்போர்ட், இரவு பதினொரு மணி போன் எல்லாம் உங்கள் ஒருவர் தலையில் விழும். உங்கள் கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு துறையில், ஒப்பந்தம் இடம் கொடுத்தால், சிறிய வேலை ஒன்று எடுத்துப் பாருங்கள். பல் மருத்துவமனை, நர்சரி, டிராக்டர் உதிரிபாகக் கடை, எதுவானாலும் சரி. விளம்பரக் கணக்கு கிளையண்டின் பெயரிலேயே இருக்கட்டும், விளம்பரப் பணமும் அவர் கார்டிலிருந்தே போகட்டும். உங்கள் கூலி மட்டும் உங்களுக்கு வரட்டும். கம்பெனி லேப்டாப்பில் இந்த வேலையைத் திறக்கவே கூடாது.

மரச்செக்கு எண்ணெய் ஆட்டுகிறோம். கடலெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் மூன்றும் உண்டு. பாலக்காடு, கோவை இரண்டு பக்கமும் ஒரே விளம்பரம் போட்டேன். லைக் வருகிறது, ஆர்டர் வரவில்லை. (வேலந்தாவளம்)

இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

எல்லையில் இருக்கிற நமக்கு ஒரு சங்கடம். விளம்பரம் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று வரைபடத்தில் ஊரை மையமாக வைத்து வட்டம் போட்டால் வட்டத்தின் பாதி தமிழ்நாட்டிலும் பாதி கேரளத்திலும் விழும். இரண்டு பக்கமும் சமையல் வேறு. பாலக்காட்டு வீட்டில் தினசரிக் குழம்புக்கும் வறுவலுக்கும் தேங்காயெண்ணெய்தான். கடலெண்ணெயை நீங்கள் எவ்வளவு அழகாகக் காட்டினாலும் "நல்லா இருக்கே" என்று லைக் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பொள்ளாச்சி, கோவைப் பக்கம் கடலெண்ணெயும் நல்லெண்ணெயும்தான் முதலில் ஓடும். ஆகவே இரண்டு தனி விளம்பரம் போடுங்கள். ஒவ்வொன்றிலும் மற்ற மாநிலத்தை விலக்கிவிடுங்கள். மெட்டாவில் இடத்தைச் சேர்ப்பது போலவே விலக்கவும் முடியும். கூகுளில் போடுவதாக இருந்தால், இடம் தேர்வு செய்யும் பகுதியில் "அந்த இடத்தில் இருப்பவர்கள் அல்லது அந்த இடத்தில் ஆர்வம் காட்டுபவர்கள்" என்பதுதான் தானாகவே தேர்வாகியிருக்கும். அதை "அந்த இடத்தில் இருப்பவர்கள்" என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால், எங்கோ உட்கார்ந்துகொண்டு பாலக்காட்டைப் பற்றித் தேடுகிறவருக்கும் உங்கள் பணம் செலவாகும்.

மலையாள விளம்பரத்தை மென்பொருளிடம் கொடுத்து மொழிமாற்றாதீர்கள். பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சியிடம் எண்ணெயைக் கொடுத்து, நான்கு நாள் சமைத்த பிறகு என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். அவர் சொல்வதையே எழுதுங்கள். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் தமிழ் பேசும் வீடுகளைச் சென்றடைய மொழி என்ற வடிகட்டியை நம்ப வேண்டாம். நம் வீடுகளிலேயே போன் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. இடத்தை வைத்தும், படத்தில் தமிழில் எழுதியும்தான் அவர்களைப் பிடிக்க முடியும்.

அடுத்தது கணக்கு. இதைப் போடாமல் இன்னொரு ரூபாய் விளம்பரத்துக்குக் கொடுக்காதீர்கள். உதாரணத்துக்கு, லிட்டர் 300 ரூபாய்க்கு விற்கிறீர்கள், டப்பா, பேக்கிங் சேர்த்து அடக்கம் 220, கூரியர் 60. மிச்சம் 20. ஓர் ஆர்டர் கொண்டுவர விளம்பரத்துக்கு 80 ஆனால் ஒவ்வொரு லிட்டருக்கும் 60 ரூபாய் கையிலிருந்து போகிறது. விற்பனை கூடக் கூட நஷ்டம் கூடும். அதே எண்ணெயை 5 லிட்டர் டின்னாக 1,500க்கு விற்றால், அடக்கம் 1,100, கூரியர் 150, விளம்பரம் 80 போக 170 நிற்கும். அந்த 80இல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் சேர்த்துக்கொள்ளுங்கள், விளம்பரக் கட்டணத்துக்கு மேல் அதுவும் வரும்.

இன்னொன்று. அதே வீடு அடுத்த மாதம் விளம்பரம் பார்க்காமலேயே உங்களை நேராக அழைத்து வாங்கினால், அந்த 80 ரூபாய் முழுக்க மிச்சம். நான் எந்தத் தொழிலையும் மறு ஆர்டரை வைத்துத்தான் எடை போடுவேன். முதல் ஆர்டரை விளம்பரம் தெரிந்த யாரும் கொண்டுவந்துவிடலாம். இரண்டாவது ஆர்டர் சரக்கும் விலையும் நேரத்துக்குப் போய்ச் சேர்வதும் சரியாக இருந்தால்தான் வரும்.

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் யூனிட். வருட விற்பனை நாற்பது லட்சத்துக்கு வெகு கீழே. ஜி.எஸ்.டி. வேண்டாம் என்றுதானே சொல்கிறார்கள்? (கோபாலபுரம்)

உள்மாநிலத்திலேயே பொருள் விற்றால் அந்த 40 லட்ச வரம்பு சரி. ஆனால் நீங்கள் கூரியர் போட்டு கேரளப் பக்கத்து மீனாட்சிபுரத்துக்கு ஒரு பாக்கெட் அனுப்பினாலும் அது மாநிலம் தாண்டிய விற்பனை. வரி உள்ள பொருளை மாநிலம் தாண்டி விற்றால், கைவினைப் பொருள் போன்ற சில விலக்கு தவிர, விற்பனை எவ்வளவு குறைவானாலும் பதிவு கட்டாயம். விற்பனையில் சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருந்தாலும் வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்ப முடியாது. நம் ஊரில் நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். சாலையைக் கடந்தால் வேறு மாநிலம் என்பது நம் கண்ணுக்குப் பழகிப்போய்விட்டது.

சேவைக்கு நிலைமை இலகு. விளம்பரம் பார்த்துக் கொடுப்பது, டிசைன் செய்வது போன்றவற்றை மாநிலம் தாண்டிச் செய்தாலும் வருடம் 20 லட்சம் வரை பதிவு தேவையில்லை. 2017 அக்டோபரிலிருந்தே இந்தச் சலுகை உண்டு. ஆகவே முதல் கேள்வி கேட்ட தம்பி இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உங்கள் பொருள் உணவு என்றால் லேபிளில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இல்லாமல் எந்தப் பக்கமும் விற்கக்கூடாது. ஒருமுறை ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள், அந்தக் கட்டணம் வீண் போகாது.

மாம்பழ சீசனில் மட்டும் ஆன்லைனில் விற்கிறேன். மற்ற மாதம் பக்கம் செத்துக் கிடக்கிறது. காசு கொடுத்து ஃபாலோயர் வாங்கலாமா? (முதலமடை)

வேண்டாம். காசுக்கு வரும் கணக்குகள் மாம்பழம் வாங்காது. போன வருடம் வாங்கியவர்களின் எண்கள்தான் உங்கள் சொத்து. வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில், ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். பெட்டிக்குள் "இந்த எண்ணைச் சேமித்து வையுங்கள், அடுத்த பூ பிடித்ததும் முதலில் உங்களுக்குச் சொல்கிறேன்" என்று ஒரு சீட்டுப் போடுங்கள். முதலமடை மாங்காய் மற்ற ஊர்களுக்கு முன்னதாகவே வந்துவிடுகிறதே, அந்த முந்தல்தான் உங்கள் பலம். மார்கழியில் பூ, தையில் பிஞ்சு என்று தோப்பிலிருந்து நாலு படம் அனுப்பினாலே பக்கம் உயிரோடு இருக்கும்.

நெகமம் சேலையை ஓணத்துக்குக் கேரளத்தில் விற்க ஆசை. எப்போது விளம்பரம் தொடங்குவது? (சித்தூர், பாலக்காடு)

நல்ல கேள்வி, அக்கா. நம் ஆடியும் அவர்களுடைய கர்க்கடகமும் ஒரே மாதம். கோவையில் ஆடித் தள்ளுபடி என்று கூட்டம் அலைமோதும்போது, பாலக்காட்டில் கர்க்கடகக் கஞ்சியும் ராமாயண வாசிப்புமாக இருப்பார்கள். வாங்கும் மனநிலை குறைவு. ஆகவே ஆடி விளம்பரத்தை அப்படியே அந்தப் பக்கம் தள்ளாதீர்கள். அடுத்த மாதமான சிங்ஙம் பிறந்து, அரசு ஊழியர்களுக்கு ஓணப் பணம் கைக்கு வரும்போதுதான் வியாபாரம்.

ஆனால் அந்த நேரத்தில் ஜவுளிக்கடை, நகைக்கடை, டிவி கம்பெனி எல்லோரும் ஒரே ஆட்களுக்காக ஏலம் கேட்பார்கள். மெட்டா, கூகுள் விளம்பரம் ஏலமுறைதான், போட்டி கூடினால் ஒவ்வொரு கிளிக்கும் விலை ஏறும். நம்மால் அங்கே மோத முடியாது. அதனால் கர்க்கடகத்திலேயே, விலை குறைவாக இருக்கும்போது, விற்காமல் காட்டுங்கள்: தறி ஓடுவது, கரை எப்படி விழுகிறது, துவைத்தால் எப்படி இருக்கும் என்று சின்ன வீடியோக்கள். முழுதாகப் பார்த்தவர்களைத் தனிப் பட்டியலாகச் சேமித்துவிட்டு, ஓணத்துக்கு அவர்களுக்கு மட்டும் விற்பனை விளம்பரம் காட்டுங்கள். வெளிர் நிறம், தங்கக் கரை உள்ள சேலைகளை அவர்களுக்கு முன்னால் வையுங்கள். கேஷ் ஆன் டெலிவரி கொடுத்தால் திரும்பி வரும் பார்சலின் இரண்டு வழிக் கூரியரையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பண்டிகை முடிந்து திரும்பும் சேலையை அடுத்த வருடம்தான் விற்க முடியும்.

நாற்பதாயிரம் ரூபாய்க்கு டிஜிட்டல் மார்க்கெட்டிங் கோர்ஸ், வேலை உறுதி என்கிறார்கள். சேரலாமா? (வாளையார்)

கூகுளின் ஸ்கில்ஷாப், மெட்டாவின் புளூபிரிண்ட் இரண்டிலும் பாடங்கள் இலவசம். அவற்றை முடியுங்கள். அப்புறம் அந்த நாற்பதாயிரத்தில் ஐந்தாயிரத்தை எடுத்து, மாமா கடைக்கோ தெரிந்தவர் கடைக்கோ விளம்பரம் போட்டுப் பாருங்கள். இன்டர்வியூவில் அந்த ஐந்தாயிரத்தைப் பற்றித்தான் கேட்பார்கள்.

முத்ரா கடன் வாங்கி விளம்பரத்தில் போட்டு வேகமாக வளரலாமா? (வண்ணாமடை)

இயந்திரத்துக்கோ சரக்குக்கோ கடன் வாங்குங்கள், அது கையில் நிற்கும். முத்ராவில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கிடைக்கும், தொடக்கத்துக்கு அது போதும். விளம்பரத்துக்குக் கடன் வாங்கவே வேண்டாம். விளம்பரம் அதன் விற்பனையிலிருந்தே தன் செலவைத் திரும்ப எடுக்க வேண்டும்.

அப்பாவுக்கு வயதாகிவிட்டது, தங்கை படிக்கிறாள். வீட்டில் என் சம்பளம்தான். சைடில் ஊறுகாய் தொழில் ஓடுகிறது. எப்போது வேலையை விடுவது என்று தெரியவில்லை. (கஞ்சிக்கோடு)

தம்பி, உங்கள் நிலைமையில் அவசரம் காட்டச் சொல்ல எனக்கு மனம் வராது. வீட்டுச் செலவு ஆறு மாதத்துக்கு வங்கியில் தனியாக இருக்க வேண்டும். தொழில் பணத்தோடு அது கலக்கக் கூடாது; தொழிலுக்குத் தனிக் கணக்கு திறந்துவிடுங்கள். அப்புறம், விளம்பரத்தை ஒரு மாதம் முழுக்க நிறுத்திப் பாருங்கள். அந்த மாதம் பழைய வாடிக்கையாளர்கள் தாங்களாகவே அழைத்து எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதுதான் உங்கள் தொழிலின் உண்மையான அளவு. அந்த வருமானம் வீட்டுச் செலவைத் தொட்டால் அப்பாவிடம் பேசுங்கள், கணக்கு நோட்டை எடுத்துக்காட்டியே பேசுங்கள். தொடவில்லை என்றால் சம்பளத்தில் இருந்துகொண்டே ருசியையும் பேக்கிங்கையும் சரி செய்யுங்கள். ஊறுகாய் ஒரு பாட்டில் தீர எத்தனை நாள் ஆகும் என்று வாங்கியவர்களிடம் கேட்டு எழுதி வைத்து, தீர்வதற்கு ஒரு வாரம் முன்னால் நீங்களே ஒரு செய்தி அனுப்புங்கள். இதை இன்றைக்கே தொடங்கலாம், காசு செலவில்லை.