விண்டோஸ் 11-க்கு மாறிய பிறகு கேம் பாதியில் மூடிக்கொள்கிறது, பழையதற்கே போய்விடலாமா?

போகலாம். மாற்றி 10 நாள் ஆகவில்லை என்றால் செட்டிங்ஸில் ரெக்கவரி பகுதியில் 'கோ பேக்' இருக்கும். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, திரும்பிப் போய் எத்தனை நாள் ஓட்டுவீர்கள்? அதற்கு முன்னால் ஒன்றைக் கவனியுங்கள்: கேம் மட்டும் மூடுகிறதா, இல்லை கம்ப்யூட்டரே அணைந்து மறுபடி ஆன் ஆகிறதா? இரண்டும் வேறு வேறு வியாதி.

நீடாமங்கலம் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போன ஆடியில் அக்கா மகன் சிபியுவைப் பைக்கில் வைத்துக்கொண்டு வந்து நின்றான். "மாமா, புது விண்டோஸ் சரியில்ல, பழசையே போட்டுக் குடுங்க." வருகிற எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். ஸ்டார்ட்டில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டினால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். நாள்வாரியாகக் கட்டம் போட்டிருக்கும், ஏதாவது விழுந்த நாளில் சிவப்பு வட்டத்துக்குள் பெருக்கல் குறி. அதைத் திறந்தால் எந்த ஃபைலில் விழுந்தது என்று பெயரோடு வரும். அவனுக்கு வந்தது கிராபிக்ஸ் டிரைவரின் (கிராபிக்ஸ் கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் புரோகிராம்) டிஎல்எல், அதாவது அதன் துணை ஃபைல். 10-இல் போட்ட டிரைவர் அப்படியே 11-க்குள் வந்திருக்கிறது, அதன் மேலேயே புதியதையும் ஏற்றியிருக்கிறான். நெட்டைப் பிடுங்கிவிட்டு (இல்லாவிட்டால் விண்டோஸ் தானே ஒரு டிரைவரை இறக்கிவிடும்) சேஃப் மோடில் (அத்தியாவசியமானதை மட்டும் ஏற்றி விண்டோஸ் ஓடும் நிலை) 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' ஓட்டித் துடைத்தேன். கார்டு கம்பெனியின் தளத்திலிருந்து எடுத்து வைத்திருந்த டிரைவரைப் போட்டதும் சரியாகிவிட்டது.

உங்களுடையது பழைய கேம் என்றால் கதையே வேறு. 'டி3டிஎக்ஸ்9' என்று தொடங்கும் டிஎல்எல் இல்லை என்று வந்தால், 2010 ஜூனில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட டைரக்ட்எக்ஸ் ரன்டைமை (கேம் ஓடத் தேவையான ஃபைல்களின் தொகுப்பு) போடுங்கள். புது விண்டோஸில் டைரக்ட்எக்ஸ் 12 இருந்தாலும் இந்தப் பழைய ஃபைல்கள் அதோடு வராது. விஷுவல் சி++ ரன்டைமில் 32 பிட், 64 பிட் இரண்டும் வேண்டும், 64 பிட் கம்ப்யூட்டர்தானே என்று ஒன்றை விட்டுவிடாதீர்கள். ஒற்றை டிஎல்எல்லை மட்டும் தருகிற தளங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். சேஃப்டிஸ்க் என்ற காப்பித் தடுப்புப் பூட்டு போட்ட பழைய சிடி கேம் என்றால் அதற்கான டிரைவரை விண்டோஸ் 10-லேயே எடுத்துவிட்டார்கள், அந்த சிடியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

சரி, அக்கா மகன் கதை அதோடு முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோன அன்றைக்கே ராத்திரி போன், "மாமா, மறுபடியும்!" கடைக்குக் கொண்டுவந்தால் இரண்டு மணி நேரம் அசையாமல் ஓடுகிறது, வீட்டுக்குப் போனால் விழுகிறது. நேரில் போய், விண்டோஸ் தனக்கு நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். கெர்னல்-பவர் 41, வரிசையாக, எல்லாமே சாயங்காலத்துக்கு மேல். 41 வந்தால் கம்ப்யூட்டர் முறையாக அணையவில்லை என்று மட்டும்தான் அர்த்தம், காரணத்தை நாம்தான் தேட வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டியூப்லைட் ஒரு தடவை துடித்தது, மானிட்டர் கருத்தது. குறுவைக்குத் தண்ணீர் வைக்கிற நேரம். த்ரீ ஃபேஸ் வந்ததும் அந்த டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிற போர்செட் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடுகின்றன, அவர்கள் வீடோ லைனின் கடைசி. சாதாரணமாக ஓடும்போது தாங்கிவிடும், கேம் போட்டு கார்டு கரண்டை இழுக்கும்போது அந்த மலிவு எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) தாங்கவில்லை. இதற்கு விண்டோஸ் என்ன செய்யும்?

கடையில் சும்மா கிடந்த யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி மாட்டிக் கொடுத்தேன். மோட்டார் போடும்போதெல்லாம் அது கீ கீ என்கிறது என்று அக்கா திட்டுகிறாள், கேம் மட்டும் நிற்கவில்லை. உங்கள் ஹிஸ்டரியில் எந்தப் பெயர் வருகிறது, எத்தனை மணிக்கு விழுகிறது என்று பார்த்து எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.