எஞ்சின் மாறியது, ஏசி மக்கர் செய்கிறது!

கேள்வி: என்னிடம் 1989ஆம் ஆண்டு அம்பாசிடர் இருக்கிறது. பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் தேய்ந்துவிட்டதால், சென்ற ஐப்பசியில் ஒரு பட்டறையில் மூன்று வாரம் விட்டு, 1817 சிசி இசுசு எஞ்சினை மாற்றினேன். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஓடும்போது நன்றாகக் குளிரும் ஏசி, மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழே நெரிசலில் நின்றால் வெறும் காற்றைத்தான் தருகிறது. ஏசியைப் போட்டதும் பெல்ட் கத்துகிறது, எஞ்சின் அணையப் பார்க்கிறது. மூன்று முறை கேஸ் நிரப்பியாயிற்று. இப்போது கம்ப்ரசரையே (கேஸை அழுத்தும் பம்ப்) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
— வாசகர், தக்கலை

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். ஓடும்போது நன்றாகக் குளிர்விக்கும் கம்ப்ரசரை, வேறு காரணங்களைப் பார்க்காமல் குற்றம் சொல்லிவிட முடியாது. ஓட்டத்தில் கண்டன்சருக்கு (ரேடியேட்டருக்கு முன்னால் நின்று கேஸின் சூட்டை வெளியேற்றும் பகுதி) காற்று தானாகக் கிடைக்கிறது, கம்ப்ரசரும் வேகமாகச் சுழல்கிறது. நெரிசலில் இரண்டும் குறைகின்றன. இவற்றில் எது குற்றவாளி என்பதைச் செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு, முன்கிரில் வழியாகக் கண்டன்சர் மீது ஒரு வாளி தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். ஓரிரு நிமிடத்தில் உள்ளே குளிர் ஏறினால், குறை காற்றோட்டத்தில் இருக்கிறது. (ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்ப்பதை முதலில் செய்யாதீர்கள், எஞ்சினோடு சேர்ந்து விசிறியும் வேகம் எடுப்பதால் விடை குழம்பிவிடும்.)

எஞ்சின் மாற்றத்தில் அடிக்கடி பலியாவது விசிறியைச் சுற்றியுள்ள கூண்டுதான். புது எஞ்சினின் நீளம் வேறு என்பதால் பழைய கூண்டு பொருந்தாமல் பட்டறை மூலையில் கிடக்கும். விசிறி, ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல், எஞ்சின் அறையின் சூட்டையே சுற்றிச் சுற்றிக் கலக்கும். தகட்டில் ஒரு கூண்டு செய்து மாட்டி, கண்டன்சருக்கு முன்னால் மின்விசிறி ஒன்றையும் வைத்து, கம்ப்ரசர் கிளட்ச் (கம்ப்ரசரைப் புல்லியோடு இணைக்கும் மின்காந்தம்) ஒட்டும்போதே அதுவும் ஓடும்படி ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக இணைக்கச் சொல்லுங்கள். பொருத்திய பிறகு கிரில் முன்னால் ஒரு தாளைப் பிடித்துப் பாருங்கள்: அது உள்நோக்கி இழுபட வேண்டும். வயரை மாற்றிக் கொடுத்ததால் எதிர்த்திசையில் சுழலும் விசிறிகளை நான் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் ஊற்றியும் மாற்றம் இல்லையென்றால் புல்லிகளை அளந்து பாருங்கள். கிராங்க் புல்லி (எஞ்சின் பக்கத்துப் புல்லி) 150 மி.மீ., கம்ப்ரசர் புல்லி 120 மி.மீ. என்றால், 750 ஆர்பிஎம் ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) கம்ப்ரசர் ஏறக்குறைய 940 சுற்று சுற்றும். கிராங்க் புல்லியும் 120 ஆகச் சிறுத்துவிட்டால் 750 சுற்றுதான், குளிரும் குறையும். தங்கள் எஞ்சின் கார்புரேட்டர் வகையாக இருந்தால், ஏசி போட்டதும் ஐடிலை உயர்த்தும் வெற்றிட டயாஃப்ரம் இருக்கிறதா, அதற்கு ஹோஸ் இணைத்திருக்கிறார்களா என்று பார்க்கவும். எஞ்சின் அணையப் பார்ப்பதற்கு அது இல்லாததே காரணமாக இருக்கக்கூடும்.

பெல்ட் கத்துவது, தளர்ந்திருப்பதால் இல்லையென்றால், பெரும்பாலும் புல்லிகள் நேர்கோட்டில் இல்லாததால்தான். ஒரு நேரான இரும்புப் பட்டையை இரண்டு புல்லிகளின் முகத்திலும் வைத்தால் விலகல் தெரிந்துவிடும். கம்ப்ரசரைத் தாங்கும் பிராக்கெட் எஞ்சின் பிளாக்கில்தான் முடுக்கப்பட்டிருக்க வேண்டும். பாடியில் மாட்டினால், எஞ்சின் மவுண்டில் ஆடும்போதெல்லாம் பெல்ட் இறுகித் தளரும்.

இனி கேஸ். இது ஆர்134ஏ என்ற வகை என்று கொள்வோம். எஞ்சின் நின்று, சுற்றுப்புற வெப்பம் 30 டிகிரியாக இருக்கையில் கேஜ் சுமார் 97 பிஎஸ்ஐ காட்டும். குழாயில் சிறிதளவு திரவம் இருந்தாலும் அதே 97, அளவுக்கு மீறி இருந்தாலும் அதே 97. ஆகவே கேஜை மட்டும் பார்த்து மூன்று முறை ஏற்றியவர்கள் அளவை மீறியிருக்கலாம். அதுவும் நிற்கும்போதுதான் தொல்லை தரும். தராசில் எடைபோட்டு நிரப்புபவரிடம் போங்கள். 1989ஆம் ஆண்டு வண்டியில் பழைய ஆர்12 என்ற கேஸ் வகைக்கான அமைப்பே இருந்தால், ஆயில், ஓ-ரிங், டிரையர் (ஈரத்தை உறிஞ்சும் குப்பி) ஆகியவற்றை மாற்றாமல் ஆர்134ஏ ஏற்றக் கூடாது.

இரண்டு பருவமழையும் கொட்டும் மாவட்டம் நம்முடையது. ஐப்பசியில் மூன்று வாரம் குழாய்கள் வாய் திறந்து கிடந்திருந்தால், ஈரத்தை உறிஞ்சவேண்டிய டிரையர் அங்கேயே நிறைந்துபோயிருக்கும். புது டிரையர் போட்டு, 45 நிமிடமாவது வாக்யூம் இழுத்து (பம்ப்பால் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி), கேஜ் முள் நகராமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே கேஸ் ஏற்ற வேண்டும். இதைச் செய்யாவிட்டால் கேஸ் விரிந்து குளிரும் எக்ஸ்பான்ஷன் வால்வில் ஈரம் பனியாகக் கட்டி, குளிர் விட்டுவிட்டு வரும்.

கேள்வி: எனது ஹேட்ச்பேக்கில் வேறொரு மாடலின் எஞ்சினை ஈசியுவோடு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) மாற்றினேன். கம்ப்ரசர் கிளட்ச் ஒட்டவே இல்லை. பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயர் கொடுத்துவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன்.
— வாசகர், குளச்சல்

பதில்: சோதனைக்காக ஒரு நிமிடம் கொடுத்துப் பார்க்கலாம், கிளட்ச் 'டக்' என்று ஒட்டினால் அதன் மின்சுருள் நலம். அப்படியே நிரந்தரமாக விட்டால் கேஸ் அழுத்தம் சரியில்லாதபோது கம்ப்ரசரை நிறுத்தும் பிரஷர் சுவிட்சின் காவல் போய்விடும்: கேஸ் ஒழுகித் தீர்ந்தாலும் கம்ப்ரசர் ஆயில் இன்றிச் சுழன்று இறுகிவிடும். ஏசி பட்டனின் கோரிக்கை புதிய ஈசியுவுக்குப் போய்ச் சேர்கிறதா, பிரஷர் சுவிட்ச் அந்த ஈசியு எதிர்பார்க்கும் வகைதானா என்பதை வண்டியின் வயரிங் வரைபடத்தையும் புது எஞ்சினின் வரைபடத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடற்காற்றில் ரிலே முனைகள் பச்சை பூத்திருக்கின்றனவா என்பதையும் அப்படியே கழற்றிப் பார்த்துவிடட்டும்.