பொட்டாசியம் உப்பு ஏன் மஞ்சளா எரியுது?

கேள்வி: லேப்ல பொட்டாசியம் குளோரைடு வச்சு ஃபிளேம் டெஸ்ட் (கம்பில உப்பத் தொட்டு தீல காட்டி நிறம் பாக்குறது) பண்ணேன், ஊதா வரும்னு புக்ல இருக்கு, எனக்கு மஞ்சள்தான் வந்துச்சு. எங்க தப்பு?

பதில்: உங்க மேல தப்பில்லைங்க, அது சோடியம் பண்ற வேலை. விரல் பட்ட கம்பில ஒட்டியிருக்குற வேர்வை உப்பே போதும், தீ முழுக்க மஞ்சளாயிடும். வீட்டுல உப்புப் போட்ட தண்ணி பொங்கி கேஸ் அடுப்புல வழியும்போது நீலத் தீ சட்டுனு மஞ்சளா மாறுமே, அதேதான். கம்பிய ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல முக்கி முக்கி, தீல நிறம் வர்றது நிக்கிற வரைக்கும் சுட்டுட்டு அப்புறம் உப்பத் தொடுங்க, தீய கோபால்ட் நீலக் கண்ணாடி வழியா பாருங்க, மஞ்சள அது தடுத்துடும், ஊதா தெரியும்.

ஆனா கண்ண மட்டும் நம்பக்கூடாது. லித்தியமும் சிவப்பு, ஸ்ட்ரான்ஷியமும் சிவப்பு. ஒளிய நிறம் நிறமா பிரிச்சுக் காட்டுற ஸ்பெக்ட்ராஸ்கோப்ல பாத்தா லித்தியத்துக்கு 671 நானோமீட்டர் அலைநீளத்துல ஒரு பளிச் சிவப்புக் கோடு, ஸ்ட்ரான்ஷியத்துக்கு சிவப்போட 461ல ஒரு நீலக் கோடும் இருக்கும். சூட்டுல மேல் ஆற்றல் நிலைக்கு ஏறுன எலக்ட்ரான் கீழ இறங்கறப்ப அந்த ரெண்டு நிலைக்கும் நடுவுல இருக்குற இடைவெளிக்கு சரியான ஒளியத்தான் விடும், ஒவ்வொரு தனிமத்துக்கும் இடைவெளி வேற, அதான் கோடும் வேற.

1860ல ஜெர்மனியோட ஹைடெல்பெர்க்ல புன்சன், கிர்ச்சாஃப்னு ரெண்டு விஞ்ஞானிங்க ஒரு ஊத்துத் தண்ணியோட உப்ப இப்படித்தான் பாத்தாங்க, யாருக்கும் தெரியாத ரெண்டு நீலக் கோடு, அதுதான் சீசியம்ங்கற புதுத் தனிமம்! அப்புறம் சுமார் 44,000 லிட்டர் தண்ணிய வத்தவச்சு புன்சன் எடுத்த சீசியம் குளோரைடு வெறும் 7 கிராம் சொச்சம்.