கிறிஸ்துமஸ் காலத்தில் சொல்லப்படும் 'இளைப்பாறுதல்' என்றால் என்ன?

தனியாகச் சுமந்துவந்த பாரத்தை இறைவனிடம் இறக்கிவைக்கும்போது கிடைக்கும் அமைதியைத்தான் கிறிஸ்தவர்கள் இளைப்பாறுதல் என்கிறார்கள். பாரம் சுமப்பவர்களை இயேசு தம்மிடம் வரச்சொல்லும் இடம் மத்தேயு நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

காவிரிப் படுகையின் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். நட்டுவைத்த இரண்டு கற்கள், மேலே குறுக்காக ஒன்று. விறகுக்கட்டோடு வருபவர் யார் கையையும் எதிர்பாராமல் அதன்மேல் சுமையைத் தள்ளிவிட்டு, சும்மாட்டை உதறி, கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொள்வார். கட்டு மறைந்துவிடுவதில்லை; அதை இப்போது கல் தாங்குகிறது. (கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக இவற்றை நடுவது வழக்கம். ஆறுதல் தரும் கல்லுக்கும் ஒரு துயரம் உண்டு.)

இந்த இளைப்பாறுதலோடு சேர்த்துச் சொல்லப்படும் கிறிஸ்துமஸ் மகிழ்ச்சிக்குக் காரணம்? லூக்கா எழுதியபடி, இயேசுவின் பிறப்புச் செய்தி முதலில் போனது இரவில் மந்தையைக் காத்துக்கொண்டிருந்த மேய்ப்பர்களிடம். நம் வயல்களில் கிடை போட்டுவிட்டு விழித்திருப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செய்திக்காக அவர்கள் எதையும் சாதித்திருக்கவில்லை. அதுவாகவே தேடி வந்தது. சம்பாதிக்காமல் கிடைத்தது என்பதால், இழந்துவிடுவோமோ என்ற பதற்றமும் குறைகிறது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

துக்க வீட்டாருக்குக் கிறிஸ்துமஸ் இல்லை என்று பலர் தவறாக நினைக்கிறார்கள்; 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அடித்த வேளாங்கண்ணியில், 25ஆம் தேதி பிறப்பைக் கொண்டாடுபவர்களே மறுநாள் இறந்தவர்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.