முன்பல் உடைந்தால் பிடுங்கத்தான் வேண்டுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று, உடைந்த முன்பல்லைப் பற்றியவை. பிடுங்கிய பல்லை யாராலும் திருப்பித் தர முடியாது என்பதால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை முதலில் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. பள்ளியில் கபடி விளையாடும்போது இன்னொரு பையனின் தலை மோதி, மேல் முன்பல் ஒன்று பாதிக்கு மேல் உடைந்துவிட்டது. உடைந்த இடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிகிறது. வலி அதிகமில்லை, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது. முதலில் பார்த்த டாக்டர் ரூட் கெனால் செய்து கேப் போடலாம் என்றார். உறவினர் ஒருவர், "அதெல்லாம் நிற்காது, பிடுங்கிவிட்டு இம்ப்ளான்ட் வைத்துவிடுங்கள், ஒரே செலவோடு முடிந்துவிடும்" என்கிறார். ஐந்து நாளாகப் பையன் வாயை மூடிக்கொண்டே பேசுகிறான். என்ன செய்வது?
வாசகி, ஈரோடு

பதில்: பிடுங்காதீர்கள் அம்மா. காரணம் நீளமானது, கீழே சொல்கிறேன், ஆனால் இதைப் படித்து முடித்ததும் பையனைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் கிளம்பிவிடுங்கள், ஐந்து நாள் ஏற்கெனவே போய்விட்டது.

இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்புக்குள் வைக்கும் டைட்டானியம் திருகு. எலும்பு அதை இறுகப் பிடித்துக்கொள்ளும், இடையில் வேறு எதுவும் இருக்காது, பெரியவர்களுக்கு அதுதான் அதன் பலம். நம் சொந்தப் பல் அப்படியில்லை. வேரைச் சுற்றி மெல்லிய நார்ச் சவ்வு ஒன்று இருக்கிறது, தாடை வளர வளர பல்லும் எலும்போடு சேர்ந்து இறங்கி வரும். திருகு இறங்காது. 14 வயதில் வைத்தால் பக்கத்துப் பற்கள் இறங்கிக்கொண்டே போக, இம்ப்ளான்ட் பல் மட்டும் மேலேயே நின்றுவிடும். நாலைந்து வருடத்தில் அந்தப் பல் குட்டையாகத் தெரியும், ஈறும் அங்கே மேலேறி நிற்கும். அதனால்தான் பெண்களுக்கு 17, 18 வயது, ஆண்களுக்கு 20, 21 வயது தாண்டி, வளர்ச்சி நின்றதைப் பார்த்த பிறகே முன்பல்லில் இம்ப்ளான்ட் பற்றிப் பேசுவார்கள். சில டாக்டர்கள் இன்னும் தள்ளிப் போடுவார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது.

"சரி, இப்போது பிடுங்கிவிட்டு 21 வயதில் வைத்துக்கொள்ளலாமே" என்று உறவினர் கேட்கலாம். மேல் முன்பற்களுக்கு வெளிப்பக்கம் இருக்கும் எலும்பு மிகவும் மெல்லியது, பலருக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பல் போனால் அந்த எலும்பு கரைய ஆரம்பித்துவிடும், முதல் வருடத்திலேயே அந்த இடத்தின் அகலம் பாதி வரை குறைந்துவிடக்கூடும். ஏழு வருடம் கழித்துத் திருகு வைக்கப் போனால், வைக்க எலும்பு இருக்காது, எலும்புத் தூள் வைத்துக் கட்ட வேண்டும், ஈறுக்கும் தனியாக வேலை இருக்கும். ஒரே செலவு என்று அவர் சொன்னது அங்கேயே அடிபட்டுப் போகிறது. பின்னாளில் ஒருவேளை இம்ப்ளான்ட் தேவைப்பட்டால்கூட, அதற்கான இடத்தை அதுவரை காத்து வைத்திருக்கப்போவது இந்த வேர்தான்.

இனி அந்தச் சிவப்புப் புள்ளி. பல்லுக்குள் ரத்தக் குழாயும் நரம்பும் சேர்ந்த கூழ் இருக்கிறது, நாம் பொதுவாக நரம்பு என்று சொல்வது அதைத்தான். அது வெளியே தெரிகிறது என்றால் உடனே முழு நரம்பையும் எடுத்து ரூட் கெனால் செய்தாக வேண்டும் என்பதில்லை. மேலாக இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் எடுத்துவிட்டு, ரத்தம் நின்ற பிறகு மருந்து சிமென்ட் வைத்து மூடினால், கீழே இருக்கும் நரம்பு பிழைத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த மியோமிர் ச்வெக் 1978-ல் இப்படிச் சிகிச்சை செய்த 60 முன்பற்களின் முடிவை வெளியிட்டார், 96 சதவீதம் குணமாகியிருந்தன. அடிபட்டுப் பல நாள் கழித்து வந்த பற்களும் அதில் இருந்தன. இப்போது அன்றைக்கு இருந்ததைவிட நல்ல சிமென்ட்கள் வந்துவிட்டன. உங்கள் பையனுக்கு வலி பெரிதாக இல்லை, குளிர்ச்சி உறைக்கிறது, அதாவது நரம்பு இன்னும் உயிரோடு இருக்க வாய்ப்பு அதிகம். "நரம்பில் கொஞ்சம் மட்டும் எடுத்துக் காப்பாற்ற முடியுமா?" என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். இரவில் விண்விண் என்று வலித்தாலோ, ஈறு வீங்கினாலோ, சீழ் கட்டினாலோ ரூட் கெனால்தான் வழி. அதுவும் பயப்படக்கூடிய விஷயமில்லை, அதற்குப் பிறகும் அந்த வேர் எத்தனையோ வருடம் நிற்கும்.

கேப்புக்கும் இப்போது அவசரம் வேண்டாம் என்பேன். கேப் என்பது பல்லின் மேல் மாட்டும் உறை, அதைப் போட வேண்டுமானால் மீதியிருக்கும் பல்லைச் சுற்றிலும் சீவ வேண்டும். இந்த வயதில் உள்ளே நரம்பு அறை பெரிதாக இருக்கும், ஈறின் எல்லையும் இன்னும் ஏறி நிலைக்கு வரவில்லை. பல் நிறத்திலேயே வரும் காம்போசிட் என்ற பிளாஸ்டிக் பிசினை வைத்து உடைந்த பாகத்தைக் கட்டி எழுப்பிவிடலாம், பெரும்பாலும் ஒரே உட்காரலில் முடியும். பல்லின் மேற்பரப்பில் அமிலம் தடவிக் கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்கினால் பிளாஸ்டிக் பிசின் நன்றாகப் பிடிக்கும் என்பதை அமெரிக்காவின் மைக்கேல் புவோனகோர் 1955-ல் காட்டினார், இன்றைக்கும் அந்த அடிப்படைதான். சில வருடத்தில் கறை பிடிக்கும், ஓரம் உடையும், மெருகேற்றவோ மறுபடி வைக்கவோ வேண்டியிருக்கும். இருக்கட்டுமே, சொந்தப் பல்லைச் சீவாமல் பழுது பார்த்துக்கொள்ள முடிகிறதே. கேப்போ, பல்லின் முன்பக்கம் மட்டும் ஒட்டும் மெல்லிய தகடான வெனீரோ இருபது வயதுக்கு மேல் யோசிக்கலாம்.

பக்கத்துப் பற்களும் அடி வாங்கியிருக்கும், அவற்றையும் எக்ஸ்ரேயில் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒரு முறை, அப்புறம் மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று காட்டி வாருங்கள். நரம்பு சத்தம் போடாமல் செத்துப்போவது உண்டு, பல் சாம்பல் நிறமாக மாறுவதுதான் பல நேரம் நமக்குக் கிடைக்கும் முதல் தகவல். கபடியை நிறுத்த வேண்டாம், அளவெடுத்துச் செய்த மவுத்கார்டு போட்டு விளையாடட்டும்.

வாயை மூடிக்கொண்டே பேசுகிறான் என்று எழுதியிருந்தீர்களே, எனக்கு மனது கஷ்டமாக இருந்தது. சிகிச்சைக்கு எத்தனை உட்காரல் ஆனாலும், முதல் நாளே பார்வைக்குப் பல் இருக்கும்படி தற்காலிகமாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். அவன் சிரிப்பதற்கு ஒரு மாதம் காத்திருக்கத் தேவையில்லை.

கேள்வி: வயது 36. பைக்கிலிருந்து விழுந்ததில் முன்பல் ஈறோடு ஈறாக உடைந்துவிட்டது, வேர் உள்ளே இருக்கிறது. ஒருவர் பக்கத்துப் பற்களைப் பிடிமானமாக வைத்துக் கட்டும் பிரிட்ஜ் என்கிறார், இன்னொருவர் ஒரே நாளில் இம்ப்ளான்ட் பல் என்கிறார். சிகரெட் பழக்கம் உண்டு.
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டு பேருமே வேரை எடுப்பது என்று முடிவு செய்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். அந்த வேர் நிற்குமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கேப் நிலைத்து நிற்க, ஈறுக்கு மேல் சுற்றிலும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நல்ல பல் வேண்டும். உங்களுக்கு அது இல்லை, ஆனால் வேர் நீளமாக இருந்தால் கிளிப் போட்டுச் சில வாரங்களில் வேரையே கீழே இழுத்துக் கொண்டுவரலாம். பிறகு ரூட் கெனால், வேருக்குள் பிடிமானத்துக்கு ஃபைபர் போஸ்ட் என்ற சிறு தண்டு, மேலே கேப். பொறுமை வேண்டும், ஆனால் எலும்பும் ஈறும் இருந்தபடியே இருக்கும்.

வேர் நீளவாக்கில் பிளந்திருந்தாலோ, உடைப்பு எலும்புக்குள் ஆழமாகப் போயிருந்தாலோ, வேர் ரொம்பக் குட்டையாக இருந்தாலோ பிடிவாதம் பிடிக்க வேண்டாம். எடுத்துவிடுங்கள். உங்கள் வயதில் அப்போது இம்ப்ளான்ட் நல்ல தேர்வு, அதை நான் முழு மனதோடு சொல்வேன். ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க், முயல் எலும்பில் டைட்டானியம் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டதை 1950-களில் கவனித்தார். 1965-ல் கோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாக வைத்தார். லார்சன் 2006-ல் இறக்கும் வரை, 40 வருடத்துக்கு மேல், அந்த இம்ப்ளான்ட்களோடுதான் சாப்பிட்டார்.

"ஒரே நாளில்" என்பதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். எலும்பு நன்றாக இருந்து திருகு இறுக்கமாக உட்கார்ந்தால் அன்றைக்கே தற்காலிகப் பல் வைப்பதுண்டு. அது பார்வைக்குத்தான், அதால் கடிக்கக் கூடாது. எலும்பு முழுதாகப் பிடிக்க மூன்று முதல் ஆறு மாதம் வரை ஆகும், நிரந்தரப் பல் அதன் பிறகுதான். முன்னதாக முப்பரிமாண ஸ்கேன் எடுத்து வெளிப்பக்க எலும்பின் கனத்தைப் பார்க்காமல் நாள் குறிக்க விடாதீர்கள். சிகரெட்டை நிறுத்துங்கள். புண் ஆறுவதையும் எலும்பு பிடிப்பதையும் அது நேரடியாகக் கெடுக்கும், இம்ப்ளான்ட் தோற்றுப்போக அது முக்கியமான காரணம்.

வழக்கமான பிரிட்ஜ் என்றால் இரு பக்கமும் உள்ள நல்ல பற்களைச் சீவ வேண்டும். அவை ஏற்கெனவே கேப் போட்ட பற்கள் என்றால் பரவாயில்லை. முழுசாக இருக்கும் பற்களை இதற்காகச் சீவுவதை நான் விரும்பமாட்டேன். இடைக்காலத்துக்கு, பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒரு இறக்கையை ஒட்டி நிறுத்தும் பிரிட்ஜ் இருக்கிறது, கிட்டத்தட்ட சீவலே இல்லை. சிலர் அதையே நிரந்தரமாக வைத்துக்கொள்கிறார்கள், தவறில்லை.

கேள்வி: நான் உடற்கல்வி ஆசிரியர். மைதானத்தில் பிள்ளைக்குப் பல் உடைந்தால் உடனே என்ன செய்ய வேண்டும்?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: நீங்கள் கேட்டதற்கு நன்றி சார், முதல் அரை மணி நேரம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

துண்டு உடைந்தால் தேடி எடுத்துத் தண்ணீரிலோ பாலிலோ போட்டுக் கொடுத்தனுப்புங்கள், பல நேரம் அதையே திரும்ப ஒட்டிவிடலாம். துண்டு கிடைக்காமல் உதடும் கிழிந்திருந்தால் உதட்டுக்குள் புதைந்திருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் நேரே பெரிய ஆஸ்பத்திரிதான்.

பல் வேரோடு விழுந்துவிட்டால் வெள்ளையான மேல் பாகத்தைப் பிடித்துத் தூக்குங்கள், வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். மண் இருந்தால் பாலிலோ தண்ணீரிலோ ஒரு நொடி அலசிவிட்டு அதே குழியில் செருகி, கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். செருக முடியவில்லையென்றால் குளிர்ந்த பாலில் போடுங்கள், தண்ணீரில் ஊற வைக்க வேண்டாம். அரை மணிக்குள் டாக்டரிடம் போய்ச் சேருங்கள். காய்ந்த நிலையில் ஒரு மணி நேரம் இருந்தால் வேரின் மேலுள்ள உயிரணுக்கள் செத்துவிடும். பால்பல் விழுந்தால் மட்டும் திரும்பச் செருகாதீர்கள், கீழே உருவாகிக்கொண்டிருக்கும் பல் கெட்டுவிடும். மேல் முன்பற்கள் 7 முதல் 9 வயதுக்குள் மாறிவிடும். சந்தேகமாக இருந்தால் செருகாமல் பாலில் போட்டு எடுத்துப் போங்கள், டாக்டர் பார்த்துக்கொள்வார்.