ஸ்டீபன் பாவமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மூத்த மகள் சொல்லி 'இயர்ஸ் அண்ட் இயர்ஸ்' தொடரைப் பார்த்தேன். 2019இல் பிபிசியில் வந்த ஆறு பகுதித் தொடர். மான்செஸ்டரின் லயன்ஸ் குடும்பம் 2019 முதல் 2034 வரை படும் பாடுதான் கதை. பார்த்ததிலிருந்து சரியான தூக்கமில்லை. இத்தனை துயரத்தையும் ஒரே குடும்பத்தின் தலையில் கொட்டுவது நம் மெகா சீரியல் மாதிரிதானே? ஆனால் அதில் காட்டியதில் எத்தனையோ பிறகு நடந்தும் விட்டது. எழுதியவருக்கு எப்படித் தெரிந்தது?

எல்லோரும் மூத்தவன் ஸ்டீபனைத் திட்டுகிறார்கள். எனக்குக் கோபமே வரவில்லை. வேலை போய், பணம் போய், தம்பியும் போய்விட்டான். பாவம், குடும்பத்துக்காகத்தானே எல்லாம் செய்தான். கடைசியில் பாட்டி மியூரியல் 'எல்லாம் நம் தப்புதான்' என்று பேசுவதை எங்கள் வாட்ஸாப் குழுவில் போட்டேன். எல்லோருமே நெகிழ்ந்துவிட்டார்கள்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் இளைய மகளும் பார்க்க வேண்டும் என்கிறாள். காட்டலாமா? அதில் உடம்பை விட்டுக் கணினிக்குள் தகவலாகவே மாறிவிட ஆசைப்படும் ஸ்டீபனின் மகள் பெத்தனி மாதிரி 'எனக்கு உடம்பே வேண்டாம்' என்று கேட்டால் என்ன சொல்வது?

சு.
கோவை

அன்புள்ள சு.,

உங்கள் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒரு வரி நகர விடவில்லை. 'பாவம், குடும்பத்துக்காகத்தானே எல்லாம் செய்தான்.' கொஞ்ச காலமாக என்னை அரித்துக்கொண்டிருப்பதே இந்த வரிதான். மற்றதைச் சுருக்கமாக முடித்துவிட்டு அங்கே வருகிறேன்.

மெகா சீரியல் போல இருப்பது ஒரு குறையே அல்ல. எழுதிய ரஸ்ஸல் டி டேவிஸ் தொலைக்காட்சியிலேயே ஊறியவர். 'டாக்டர் ஹூ' தொடரை 2005இல் மீட்டுக்கொண்டு வந்தவர். பாட்டி வீட்டுப் பிறந்தநாள், அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரும் ஒரே அழைப்பில் ஒருவர் பேச்சுக்குள் ஒருவர் புகுந்து பேசுவது, இவற்றின் பலம் அவருக்குத் தெரியும். சீனா கடலில் எழுப்பிய செயற்கைத் தீவின்மேல் அமெரிக்கா அணு ஏவுகணை வீசும் செய்தி, பாட்டியின் பிறந்தநாள் விருந்துக்கு நடுவேதான் அந்த வீட்டுக்கு வருகிறது. உலகம் நம் வீட்டுக்குள் நுழைவது அப்படித்தான். குடும்பக் கதையை மட்டமாக நினைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

தீர்க்கதரிசனம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பலித்ததா என்று பார்ப்பதுபோல இந்தத் தொடரைப் பார்ப்பவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. டிரம்ப் இரண்டாம் முறை ஜெயித்தார், உண்மை. ஆனால் தொடரில் வந்தபடி 2020இல் அல்ல, 2024இல். ரஷ்யா உக்ரைனுக்குள் முழுப் படையோடு புகுந்தது 2022 பிப்ரவரியில். 2014இலேயே கிரிமியாவை எடுத்துக்கொண்டவர்கள் அங்கே நிற்கமாட்டார்கள் என்று நினைக்க ஞானதிருஷ்டி தேவையில்லை, செய்தித்தாளை ஒழுங்காகப் படித்தால் போதும்.

ஒன்று மட்டும் என்னையும் உலுக்கியது. நான்காம் பகுதியில் தம்பி டேனியலும் அவன் காதலன் விக்டரும் ஆங்கிலக் கால்வாயைக் காற்றடைத்த படகில் கடக்கிறார்கள். டேனியல் மூழ்கிப் போகிறான். அந்தக் காட்சி வந்தபோது அந்தக் கடல்வழி அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று. 2018இல் சிறு படகுகளில் அப்படிக் கடந்ததாகப் பதிவானவர்கள் சில நூறு பேர். 2022இல் அது 45,000ஐத் தாண்டியது. இடையில், 2021 நவம்பர் 24 அன்று, ஒரே படகு மூழ்கி குறைந்தது 27 பேர் இறந்தார்கள்.

இனி ஸ்டீபன்.

விக்டர் உக்ரைனிலிருந்து வந்த அகதி. தன்பாலினத்தவன் என்பதற்காகவே ஊரில் வதைக்கப்பட்டவன். தொடர் முழுக்க அவனை அரசு துரத்துகிறது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டு பார்க்கிறோம். மறுபடி பாருங்கள். முதலில் அவன் நாடு கடத்தப்படுவது எப்படி? பெட்ரோல் பங்கில் வேலை செய்கிறான் என்று யாரோ தகவல் கொடுக்கிறார்கள். தஞ்சம் கேட்டிருப்பவன் வேலை செய்யக் கூடாது என்பது சட்டம். தகவல் கொடுத்தது யார்? டேனியலை மணந்து பிரிந்த ரால்ஃப். அதுவரை லயன்ஸ் வீட்டு விருந்துகளில் உட்கார்ந்து சாப்பிட்ட மாப்பிள்ளை. இரண்டாம் முறை விக்டர் சாவு முகாமுக்குப் போவது ஸ்டீபன் கையால். இரண்டு தடவையும் அவனைப் பிடித்துக் கொடுத்தது வீட்டு ஆள். சீருடைக்காரர்கள் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள். கதவைத் திறந்துவிட்டது உள்ளேயிருந்த கை. டேவிஸ் இதை எந்த வசனத்திலும் சொல்லவில்லை. ஆனால் தொடரின் நடுத்தூண் இதுதான் என்பது என் எண்ணம்.

ஸ்டீபன் செய்ததை ஒரு தடவை நிதானமாக நினைத்துப் பாருங்கள். லண்டன் வீட்டை விற்ற பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் வங்கியில் கிடக்கும்போது வங்கி விழுகிறது. தொடர் வந்த காலத்தில் பிரிட்டனில் வைப்புத்தொகைக்கான பொதுவான காப்பு வரம்பு 85,000 பவுண்டுதான். நேற்றுவரை நிதி ஆலோசகராக இருந்தவன் பாட்டி வீட்டில் வந்து ஒண்டிக்கொண்டு, சைக்கிளில் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். இதுவரை நானும் உங்களோடுதான் அழுதேன். ஸ்டீபனாக நடித்த ரோரி கின்னியரின் முகம் அப்படி. மனைவிக்குத் தெரியாமல் அவன் தேடிக்கொண்ட உறவைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு பழைய பள்ளித் தோழன் ஒருவனின் நிறுவனத்தில் சேர்கிறான். அரசு ரகசியமாக நடத்தும் முகாம்களின் ஒப்பந்தம் அவர்களுக்குக் கிடைக்கிறது. பிரதமர் விவியன் ரூக் ஒப்பந்தக்காரர்களைக் கூட்டிவைத்து, போயர் போர்க்கால முகாம்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறாள். (போயர்கள் என்றால் தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வம்சாவளி வெள்ளையர்கள். அவர்களோடு பிரிட்டன் நடத்திய போர் அது.) ரூக்காக நடிக்கும் எமா தாம்சன் குரலை உயர்த்தாமல் பேசும் அந்தக் காட்சி கற்பனை, வரலாறு நிஜம். தென்னாப்பிரிக்காவில் 1900க்குப் பிறகு பிரிட்டிஷ் படை அடைத்துவைத்த முகாம்களில் 26,000க்கும் மேற்பட்ட போயர் பெண்களும் குழந்தைகளும் இறந்தார்கள். மிகப் பெரும்பாலோர் குழந்தைகள். கறுப்பர்களுக்குத் தனி முகாம்கள் இருந்தன. அங்கே செத்தவர்களை எண்ணக்கூட யாரும் அக்கறைப்படவில்லை. தெரிந்தவரை 14,000க்குக் குறையாது. எமிலி ஹாப்ஹவுஸ் என்ற பெண்மணி நேரில் போய்ப் பார்த்து 1901இல் எழுதிய அறிக்கையால்தான் லண்டனுக்கே உறைத்தது. அந்த முகாம்களில் சாவுக்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை. தட்டம்மை, சீதபேதி, குறைந்த ரேஷன் போதும். கணவன் இன்னும் சரணடையாமல் சண்டை போடுகிறான் என்றால் அந்தக் குடும்பத்துக்கு ஆரம்பத்தில் ரேஷன் இன்னும் குறைவு. யாருக்கு எவ்வளவு என்று ஒருவர் உட்கார்ந்து பட்டியல் எழுதியிருக்க வேண்டும் அல்லவா? அவருக்கும் வீடு இருந்திருக்கும். பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.

ரூக் சொல்வதை ஸ்டீபன் காதால் கேட்கிறான். முகாமுக்குப் போனவர்கள் திரும்ப மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்த பிறகுதான் விக்டரின் பெயரை அந்தப் பட்டியலுக்கு மாற்றுகிறான், தன் மேசையில் உட்கார்ந்தபடி. யாரும் அவனை மிரட்டவில்லை. மேலதிகாரி கேட்கவில்லை. அதைச் செய்தால் ஒரு பவுண்டு கூடச் சம்பளம் ஏறாது. தம்பி சாவுக்கு விக்டர்தான் காரணம் என்று நெஞ்சில் இருந்த நெருப்பை விரலால் ஆற்றிக்கொண்டான். இதில் குடும்பம் எங்கே வந்தது, சு.? எந்தப் பிள்ளையின் பசி இதனால் தீர்ந்தது? டேனியல் உயிரைக் கொடுத்துக் கரைசேர்க்க நினைத்த ஒரே ஆளை அவன் அண்ணன் கொல்லக் கொடுக்கிறான். அதற்கு நீங்கள் கொடுக்கும் பெயர் குடும்பப் பாசம்.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. உங்கள்மேல் இருக்கும் உரிமையில் எழுதுகிறேன். இந்தப் 'பாவம்' எனக்கு வெகுநாளாகப் பழக்கமான ஒன்று.

எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார். வருவாய்த்துறையில் ஆர்.ஐ. ஆக இருந்தவர். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் படகேறி இங்கே வந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் தங்கவைக்கப்பட்டார்கள். அதில் ஒன்று சித்தப்பாவின் பொறுப்பில் இருந்தது. எந்த மாவட்டம் என்பது வேண்டாம். மாதாமாதம் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். செக்கிங் என்பார்கள். அன்றைக்கு ஆள் நேரில் நின்றால்தான் அந்த மாத உதவித்தொகை. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு எல்லாமே இறுகிப்போன காலம்.

சித்தப்பாவைப் போல ஒரு மென்மையான மனிதரை நான் பார்த்ததில்லை. எங்களை யாராவது அடித்தால் அவருக்குக் கண் கலங்கும். ஊருக்கு வரும்போது ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக நினைவு வைத்து ஏதாவது வாங்கி வருவார். ஓர் இரவு எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, செக்கிங் அன்று வராத ஒரு பெண்ணின் பெயரை அடித்துவிட்டதாகச் சொன்னார். மகளுக்குப் பிரசவ வலி எடுத்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். மறுநாள் வந்து காலில் விழுந்திருக்கிறாள். 'ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தா நாளைக்கு எல்லாரும் வருவா. எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு, வேலை போனா என்ன பண்றது' என்றார். சித்தி உடனே, 'அவர் என்ன செய்வார், பாவம்' என்று ரசத்தை ஊற்றினாள். பெரியவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். என் அம்மா மட்டும், 'அந்தப் பொம்பளை இந்த மாசம் என்னத்தத் திம்பா?' என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. அம்மாவை நாத்தனார்களும் ஓரகத்திகளும் அதற்காக ரொம்ப நாள் ஒருமாதிரி பார்த்தார்கள்.

சித்தப்பா சாகும்வரை அவர்மேல் எனக்குப் பிரியம் குறையவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீபனை வெறுக்கச் சொல்லி நான் உங்களிடம் கேட்கவில்லை. பிரியம் இருக்கட்டும். ஆனால் 'பாவம்' என்ற இடத்தில் அந்தப் பெண்ணை வையுங்கள், விக்டரை வையுங்கள். உங்கள் கடிதத்தை மூன்றாம் முறையாகப் படித்தபோதுதான் கவனித்தேன், அதில் விக்டரின் பெயரே இல்லை. 'தம்பியும் போய்விட்டான்' என்கிறீர்கள். யாரோடு கடலில் இறங்கினான், ஏன் இறங்கினான் என்பது ஒரு சொல்லாகக்கூட வரவில்லை. இதைத்தான் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

மியூரியல் பாட்டியின் பேச்சுக்கும் இதனால்தான் என்னால் கைதட்ட முடியவில்லை. ஆன் ரீட் அற்புதமாகப் பேசியிருக்கிறார், மறுக்கவில்லை. ஒரு பவுண்டுக்கு டி-ஷர்ட் கிடைக்கிறது என்று வாங்கினோம், அதைத் தைத்தவனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் பெண்ணை எடுத்துவிட்டு எந்திரம் வைத்தார்கள், சும்மா இருந்தோம். ஆகவே எல்லாம் நம் குற்றம் என்கிறாள். உண்மையும் இருக்கிறது. ஆனால் அந்தச் சாப்பாட்டு மேசையில் ஸ்டீபனும் உட்கார்ந்திருக்கிறான். அவன் என்ன செய்தான் என்பதை நாம் முந்தைய பகுதியில்தான் பார்த்தோம். எல்லோர்மேலும் சமமாகப் பங்குவைத்த குற்றத்தில் அவன் பங்கு ஒரு டி-ஷர்ட் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. உங்கள் குழுவில் அத்தனை பேரும் நெகிழ்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எல்லோரும் குற்றவாளி என்றால் யாரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை. கடைசிப் பகுதியில் ஸ்டீபன் முகாம் ரகசியங்களை வெளியே அனுப்புகிறான் என்பதைச் சொல்வீர்கள். அனுப்பினான். அதைத்தான் அவன் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

ஆறாம் பகுதியே எனக்கு ஐந்தாம் பகுதி அளவுக்கு ஒட்டவில்லை. முகாம் வேலி உடைகிறது, நடந்ததை உலகமே திரையில் பார்க்கிறது, ரூக் கைதாகிறாள். டேவிஸ் நம்மை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் அவசரமாக நம்பிக்கையைக் கொடுத்துவிட்டார். உலகத்துக்குத் தெரிந்துவிட்டால் கொடுமை நின்றுவிடும் என்ற நம்பிக்கை எனக்கு இப்போது இல்லை. எத்தனையோ கொடுமைகளை நாம் நேரலையில் பார்த்துவிட்டோம்.

மகளுக்குக் காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். காட்டுங்கள். பெரியவர்களுக்கான காட்சிகளும் கெட்ட வார்த்தைகளும் உண்டு. அதனால் கூட உட்கார்ந்து பாருங்கள், சமையலறைக்குள் போய்விடாதீர்கள். நான்காம் பகுதி முடிந்ததும் அழுவாள், அழட்டும். ஐந்தாம் பகுதி முடிந்ததும் ஸ்டீபனைப் பற்றி நீங்கள் முதலில் வாயைத் திறக்காதீர்கள். அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். உங்கள் கருத்தைவிட அவள் கருத்தைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஆசை.

பெத்தனி பற்றிய கேள்விக்கு இங்கே இடமில்லை. உடம்பே வேண்டாம் என்று ஒரு பெண் குழந்தை சொன்னால், அந்த உடம்பைப் பற்றி அவள் காதில் இதுவரை யார் என்ன சொன்னார்கள் என்று முதலில் விசாரியுங்கள். மிச்சத்தைத் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்.