ஒன்றரை நிமிடத் திரைவிருத்தம்

கேள்வி: ‘நியான் ஜெனிசிஸ் எவாஞ்செலியன்’ என்னும் ஜப்பானிய அனிமே (அசைவூட்டப் படத்) தொடரின் தொடக்கப் பாடலை, கல்லூரிக்காகப் பாலக்கோட்டிலிருந்து தர்மபுரிக்குப் பேருந்தில் செல்லும்போது நாள்தோறும் கேட்கிறேன். ஜப்பானிய மொழியில் ஒரு சொல்லும் எனக்குத் தெரியாது. “பொருள் தெரியாத பாட்டில் என்னம்மா ரசனை?” என்று அப்பா கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
– கல்லூரி மாணவி, பாலக்கோடு

பதில்: தியாகராசரின் தெலுங்குக் கீர்த்தனைகளைப் பொருள் தெரிந்துகொண்டா எல்லோரும் தலையாட்டுகிறார்கள் என்று திருப்பிக் கேட்கலாம், ஆனால் ஓசூரைச் சுற்றிலும் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் ஏராளமாக இருப்பதால், அந்த வாதம் நம் பக்கத்தில் எடுபடாது. வேறு வழியில் போவோம்.

அந்தப் பாட்டின் தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்: ‘ஸன்கொகு நா டென்ஷி நோ டேஸே’. ‘ஸன்கொகு நா’ என்றால் கொடிய. ‘டென்ஷி’ என்றால் தேவதூதன். ‘நோ’ என்பது நம் ஆறாம் வேற்றுமையைப் போல உடைமை காட்டுவது. ‘டேஸே’ என்பது ஜெர்மன் மொழியிலிருந்து ஜப்பானியர் எடுத்துக்கொண்ட சொல், கருத்துரை என்று பொருள்படும். வரிசையைச் சிறிதும் மாற்றாமல் எழுதினால் ‘கொடிய தேவதூதனின் கருத்துரை’ என்று தமிழ்த் தொடர் தானாகவே அமைந்துவிடுகிறது. வினைச்சொல்லைக் கடைசியில் வைப்பதிலும் அவர்கள் நம்மைப் போலவே.

ஓசையில் உறவு இன்னும் நெருக்கமானது. நாம் மாத்திரை எண்ணுவதைப் போல அவர்களும் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று எண்ணுகிறார்கள். நமக்கு மெய்யெழுத்து அரை மாத்திரைதான். அவர்களுக்கோ ‘டென்ஷி’யில் உள்ள ‘ன்’ முழுதாக ஒன்று. ஆகவே அச்சொல்லின் அளவு டெ, ன், ஷி என மூன்றாகும். பாடும்போது அந்த ‘ன்’ தனக்கென ஒரு சுரத்தைப் பெறுவதுண்டு. அடுத்த முறை கேட்கும்போது விரலால் முழங்காலில் தட்டி எண்ணிப் பாருங்கள். உங்கள் காது இவ்வளவு நாளும் எதைப் பிடித்துக்கொண்டிருந்தது என்பது தெரியும்.

1995இல் வெளிவந்த இப்பாடலை நெகோ ஒயிகாவா எழுத, ஹிதெதோஷி சாத்தோ இசையமைக்க, யோகோ தாகாஹாஷி பாடினார். ஒரு சிறுவனை விளித்து ஒரு பெண் பாடுவதாக அமைந்தது அது. இரண்டடிகளைக் குரல் முதலில் நிதானமாக இழுத்துப் பாடிய பிறகே தாளம் பாய்கிறது. நம் ஊர்த் திரௌபதியம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து பார்த்திருந்தால் இந்த ஒழுங்கு உங்களுக்குப் புதிதன்று: வேடக்காரர் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடும் வரையில் மிருதங்கம் அடங்கியிருக்கும், திரை விலகியதும் முழங்கும். அப்பாவை அழைத்து முதல் அரை நிமிடத்தை மட்டும் கேட்கச் செய்யுங்கள். கூத்து பார்த்து வளர்ந்தவராயிருந்தால் பொருள் கேட்கமாட்டார்.

கேள்வி: அனிமே தொடக்கப் பாடல்கள் எல்லாம் ஏன் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: அரைமணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போகத் தொடருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 24 நிமிடம், அதில் தொடக்கப் பாடலுக்கும் முடிவுப் பாடலுக்கும் ஏறக்குறைய 90 விநாடிகள் வீதம் ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. ஜப்பானியப் பாட்டில் முதற்பகுதி, அதிலிருந்து ஏறும் இரண்டாம் பகுதி, ‘ஸாபி’ என்று அவர்கள் அழைக்கும் உச்சப் பகுதி என மூன்று படிகள் இருக்கும். நம் பல்லவி தொடக்கத்திலேயே வந்துவிடும். அவர்களுடைய ஸாபியோ பெரும்பாலும் கேட்பவரைக் காக்கவைத்துத்தான் வரும். தொலைக்காட்சிக்கு முதற்சுற்றை மட்டும் நறுக்கித் தருகிறார்கள். அந்த ஒன்றரை நிமிடத்தையும் பொத்தானை அழுத்தித் தாண்டிச் செல்கிறவர்களை நான் மன்னிப்பதில்லை. மேலே பாலக்கோட்டு மாணவி கேட்ட பாட்டின் முழுவடிவம் நான்கு நிமிடம் ஓடும். அதன் இரண்டாம் சுற்றை அவரும் கேட்டிருக்கிறாரா என்று தெரியவில்லை.